வருகிற குழாய், போகிற குழாய்

"கால்ல ரத்தம் கட்டியிருக்கு சார், எழுந்திருக்க முடியல" என்று சொன்னதோடு போனை வைத்திருந்தால் பரிசோதகர் தப்பித்திருப்பார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி அவர் சொன்ன அந்தப் பொய்யில் அதுவரை ஒரு குறையும் இல்லை. குரலில் முனகல்கூட அளவாகத்தான் இருந்தது. எதிரே நின்றிருந்த மனைவி, போதும் வையுங்கள் என்று கையைக் காட்டினாள்.

ஆனால் மறுமுனையில் இருந்தவர் மேனேஜர்.

"எந்தக் குழாய்ல?" என்று கேட்டார்.

"ரத்தக் குழாய்ல சார்."

"அது தெரியுது. வர்ற குழாயா, போற குழாயா?"

உடம்பில் அப்படி இரண்டு வகை இருப்பதே பரிசோதகருக்கு அப்போதுதான் தெரியும். இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் மீட்டர் பரிசோதனை நிலையத்தில் வேலை. மீட்டரை மேசையில் மாட்டி, அளந்த தண்ணீரை உள்ளே விட்டு, முள் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்து முத்திரை குத்துவார். பொய் சொல்லும் மீட்டர் எதுவும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. அந்தத் தொழிலில் குழாய் இரண்டே வகைதான். ஒன்றில் தண்ணீர் வரும், இன்னொன்றில் போகும். வருகிற குழாய் அடைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஊரே போன் பண்ணும். போகிற குழாய் அடைத்துக்கொண்டால் மூன்று நாளைக்கு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இதில் எதற்கு லீவு கிடைக்கும் என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

"வர்ற குழாய்தான் சார்."

மேனேஜரின் குரல் தாழ்ந்தது.

"ஆர்ட்டரியா? கால் சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"வெளிறிப்போயிருக்கா? பாதத்துல நாடி தெரியலையா?"

மேனேஜர் எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டே பழகிய வாய். "தெரியல சார்" என்று அதற்கும் ஆமாம் போட்டது.

"அப்ப உங்களுக்கு ஆறு மணி நேரம்கூட கிடையாது. அதுக்குள்ள அடைப்பை எடுக்கலைன்னா காலே போயிடும். அசையாம இருங்க. டிரைவரை அனுப்பறேன், நேரா ஆஸ்பத்திரி."

போன் துண்டிக்கப்பட்டது. பரிசோதகர் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு நாள் லீவு கேட்டவருக்கு ஆறு மணி நேரம் கெடு கிடைத்திருந்தது.

லீவு மகளுக்காக. கடல் தாண்டி வேலைக்குப் போனவள் இரண்டு வருடம் கழித்து வருகிறாள். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு விமானம் இறங்கும், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவாள். அவள் ஊரை விட்டுப் போன அன்றைக்குப் பரிசோதகர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அலுவலகத்தில் ஏதோ மேலதிகாரி வருகை. கடைசிக் கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். அவருக்கு அது இரண்டு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. இந்த முறை என்ன ஆனாலும் போயே தீருவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

முறைப்படி பத்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு புது மீட்டர்கள் வந்து கிடக்கின்றன, மாதக் கடைசி வரை யாருக்கும் லீவு கிடையாது, நோய்நொடி என்றால் மட்டும்தான் என்று மேனேஜர் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார். காய்ச்சலுக்கு இரண்டு நாளுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். முதுகுவலியை ஏற்கெனவே மூன்று பேர் பயன்படுத்திவிட்டார்கள். ரத்தக்கட்டியைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பரிசோதகர் அதன் முதல் பத்தியை மட்டும் படித்தார். வியாழக்கிழமை வருகிற நோய் வியாழக்கிழமையே ஆரம்பித்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று, திங்கட்கிழமையே ஆரம்பித்துவைத்தார்.

"கீழே போய் மருந்துக் கடைக்காரரைக் கேளுங்க, சீக்கிரம்" என்றாள் மனைவி.

மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார் பரிசோதகர். தரைத் தளத்தில் மருந்துக் கடை வைத்திருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர் இறங்கி வந்த வேகத்தையும் ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆர்ட்டரி அடைச்சவன் இப்படி ஓடி வர மாட்டான், அண்ணே. அது வர்ற குழாய். அடைச்சா காலுக்கு ரத்தமே போகாது. திடீர்னு நடக்கும். கால் ஐஸ் மாதிரி ஆயிடும், வெளுத்துடும், வலி உயிரை எடுக்கும். வெயின்னா போற குழாய். ரத்தம் காலுக்கு வந்துடும், திரும்பிப் போக வழி இருக்காது. தேங்கும். ரெண்டு மூணு நாள்ல மெல்ல மெல்ல வீங்கும். தொட்டா சூடா இருக்கும், சிவந்திருக்கும். காலைத் தூக்கி வெச்சா கொஞ்சம் தேவலை."

பரிசோதகருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒன்றில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். மற்றதில் தொட்டி நிரம்பி நிற்கும்.

"அட, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்னு சொல்லாதீங்க. தேங்கின கட்டி கழண்டுச்சுன்னா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். அப்புறம் மூச்சு நின்னுடும். ஆனா உங்களுக்கு இதுதான் வசதி. வீட்லயே படுத்துக்கலாம்."

நன்றிக்கடனாக ஒரு வெந்நீர்ப் பை வாங்கிக்கொண்டு பரிசோதகர் மேலே ஏறினார். வாசலில் டிரைவர் நின்றிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பன்னிரண்டு வருடமாக மேனேஜரை ஏற்றி இறக்கி, மேனேஜர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பேச்சை மறந்துவிட்டவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஆறு மணி நேரத்தில் கால் போகவிருந்த நோயாளி படியேறி வருவதை அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

"எந்தக் கால் சார்?" என்று மட்டும் கேட்டார்.

பரிசோதகர் வலது காலைத் தொட்டார். அதே நேரத்தில் மனைவி இடது காலைக் காட்டினாள். "நான் எதிர்ல நிக்கறேன்ல, எனக்கு அப்படித் தெரியுது" என்று அவளே சமாளித்தாள். டிரைவர் அவள் கொடுத்த தேநீரைக் குடித்தார்.

அங்கிருந்தே பரிசோதகர் மேனேஜரைக் கூப்பிட்டு, பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார், அடைப்பு போகிற குழாயில்தானாம், ஓய்வு எடுத்தால் போதுமாம் என்று சொன்னார்.

"வெயினா?" என்றார் மேனேஜர். "அப்ப சாயங்காலம் நானே வந்து பார்க்கறேன்."

இருபத்தாறு வருடத்தில் மேனேஜர் யாருடைய வீட்டுக்கும் போனதாகக் கேள்வியில்லை. அவரும் லீவு எடுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை மீட்டர் பார்க்க மட்டுமே மிதித்தவர். டாக்டர்களுக்குப் பைப்பைப் பற்றி என்ன தெரியும் என்று வெளிப்படையாகவே கேட்பார். அப்படிப்பட்டவர் மாடியேறி வருகிறார் என்றால் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறார்.

ஆறு மணிக்குக் கார் வந்து நின்றது. மனைவி மாடிப்படியில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

"ஒவ்வொரு மாடியிலயும் நிக்கறார்ங்க. அங்கங்க இருக்கறவங்ககிட்ட உங்களைப் பத்தி விசாரிச்சுட்டு வர்றார்போல."

பரிசோதகர் வெந்நீர்ப் பையைக் காலிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் எறிந்தார். மூன்று தலையணைமேல் வலது காலை ஏற்றி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். மேனேஜர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேநீர் வைக்கக் கொண்டுவந்த ஸ்டூலை நகர்த்தி, அதில் தன் காலை நீட்டிக்கொண்டார். சொந்த வீடு என்ற நினைப்பு என்று மனைவி சமையலறையில் முணுமுணுத்தாள்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். பரிசோதகரின் இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளந்தார். வலது முப்பத்து நான்கு சென்டிமீட்டர். இடதும் முப்பத்து நான்கு.

"வீங்கவே இல்லையே?"

"தூக்கி வெச்சதுல வடிஞ்சிடுச்சு சார். நம்ம லைன்ல சாய்வு கொடுத்தா தானா வடியற மாதிரி."

"சூடா மட்டும் இருக்கு."

"வெந்நீர்ப் பை வெச்சேன் சார். கட்டி இளகும்னு."

மேனேஜர் குறிப்பேடு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். எத்தனை தலையணை என்று கேட்டார். எத்தனை நிமிடம் சூடு என்று கேட்டார். பரிசோதகர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், மேனேஜர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி, இது விசாரணை அறிக்கைக்குத்தான் என்றாள். போன வருடம் பொய்ச் சான்றிதழ் கொடுத்த ஸ்டோர் கீப்பர் மேலும் இப்படித்தான் முதலில் குறிப்பு எழுதினார்கள். இரண்டே மாதத்தில் அவருக்கு வேலை போய்விட்டது.

வீக்கம் இல்லாததுதான் ஓட்டை என்று பரிசோதகருக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து, வலது முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ஐந்து மணிக்கெல்லாம் கால் கத்தரிப்பூ நிறத்தில் தடித்துவிட்டது. ஆறு மணிக்குக் கார் வந்ததும் அவிழ்த்துவிடலாம் என்பது திட்டம். மேனேஜர் ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றார். மனைவி கதவைத் திறக்க ஆன நேரத்தில் பரிசோதகர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதுதான் மிச்சம். மேனேஜர் நேராக வந்து போர்வையை விலக்கினார்.

"இது என்ன?"

பரிசோதகருக்கு வாயில் என்ன வந்ததோ அதுதான் கைகொடுத்தது.

"வால்வு சார். கட்டி மேல ஏறி நுரையீரலுக்குப் போயிடக் கூடாதுல்ல? ரிப்பேருக்கு முன்னாடி லைனை மூடுவோமே, அந்த மாதிரி."

மேனேஜர் அவரையே உற்றுப் பார்த்தார். தொலைந்தோம் என்று பரிசோதகர் நினைத்தார்.

"இதை டாக்டரா சொன்னாரு?"

"நானா யோசிச்சது சார். டாக்டரே அசந்துபோயிட்டார்."

சொல்லி முடித்தபிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. மேனேஜரோ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "குழாய் தெரிஞ்சவனுக்குத்தான் இது தோணும்" என்று சொல்லிவிட்டு டேப்பை வைத்து அளந்தார். முப்பத்து ஆறரை. ட்யூபின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார். முட்டிக்கு எத்தனை விரல் கீழே என்று வைத்துப் பார்த்து அதையும் எழுதினார்.

"லைனை மூடியாச்சு. அப்புறம் ஃப்ளஷ் பண்ணணுமே?"

"பண்றேன் சார். கணுக்கால்லேருந்து மேல்பக்கமா அழுத்தி உருவி விடறேன். காலையில ஐம்பது தடவை, சாயங்காலம் ஐம்பது தடவை."

"ஐம்பதா." அதையும் எழுதினார். "மூச்சு வாங்குதா?"

"வாங்குது சார்."

"மாடி ஏறும்போதா?"

"ஏறும்போதும் வாங்குது, இறங்கும்போதும் வாங்குது."

மேனேஜரின் முகம் கறுத்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கீழே இறங்கிப் போனார். இவ்வளவு துருவித் துருவிக் கேட்பவர் சும்மா விட மாட்டார் என்று மனைவி சொன்னாள். பரிசோதகர் ட்யூபை அவிழ்த்துவிட்டு, மரத்துப்போன காலை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை அவர் ஒரு நல்ல முடிவுக்கு வந்தார். மேற்கொண்டு எதையும் கண்டுபிடிப்பதில்லை. கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் முனகல், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ட்யூபைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மேனேஜர் வந்தார். அன்றைக்கு அவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, பரிசோதகரின் காலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளாச்சு. குறையவே இல்லையே."

"குறைஞ்சிடும் சார்."

"எனக்கு என்னவோ இது சரியா வரும்னு தோணல. நாளைக்குக் காலையில ஸ்கேன் எடுத்துடுவோம். பத்து மணிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

ஸ்கேன் எல்லாம் எதற்கு, உங்களுக்கு எதற்குச் சிரமம், ஆயிரத்து இருநூறு மீட்டர் கிடக்கிறதே என்று பரிசோதகர் தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்தார்.

"மீட்டர் கிடக்கட்டும்" என்றார் மேனேஜர். "நானும் வரணும்."

மீட்டர் கிடக்கட்டும் என்று அவர் வாயிலிருந்து வந்ததுதான் பரிசோதகரை மிகவும் பயமுறுத்தியது. ஒரு ஆளைப் பிடிப்பதற்காக மேனேஜர் ஆயிரத்து இருநூறு மீட்டரையும் விட்டுக்கொடுக்கிறார் என்றால், ஸ்டோர் கீப்பர் கதைதான் தனக்கும் என்று புரிந்துவிட்டது. உடனே கீழே இறங்கி மருந்துக் கடைக்காரரிடம், ஸ்கேனில் கட்டி தெரிகிற மாதிரி ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டார். அப்படி ஒரு மாத்திரை இருந்து, அதை நான் கொடுத்தால், நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் நான் ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும் என்று அவர் பணிவாகச் சொன்னார்.

மேலே வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மகள். விமானம் ஏறப் போகிறாளாம். பின்னால் ஏதேதோ அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா, இந்தத் தடவை நீங்க வருவீங்கள்ல?"

"வந்துடறேன்மா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

போனை வைத்த பிறகு அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு நாளும் சொன்ன பொய்களுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பாரமாக இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

"வேலை போயிடும்."

"போனா போகட்டும். நாலு நாள் என்ன, ஆயுசு பூரா லீவுதான்."

வியாழக்கிழமை காலை மேனேஜரின் காரிலேயே போனார்கள். ஸ்கேன் நிலையத்தில் டிரைவர்தான் முன்னால் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார். நோயாளிகள் வரிசை நீளமாக இருந்தது. பத்து மணி என்றது பதினொன்று ஆயிற்று. பரிசோதகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் தன் காலைப் பார்ப்பதுமாக இருந்தார். காலில் ட்யூப் தடம் இரண்டு நாள் வேலையைக் காட்டியது.

உள்ளே ஸ்கேன் எடுத்தவர் நடுவயதுப் பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற ஆள். தொடையிலிருந்து கணுக்கால் வரை வழவழப்பான பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அங்கங்கே அமுக்கிக்கொண்டே வந்தார். திரையில் இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பரிசோதகருக்குத் தான் இருக்கும் நிலைமை ஒரு நிமிடம் மறந்துவிட்டது. ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று அமுக்கும்போதெல்லாம் தட்டையாகி, விட்டதும் விரிந்தது.

"துடிக்கறது வர்ற குழாயா மேடம்?"

"ஆமா. தட்டையாகுதே, அது போற குழாய். உள்ள கட்டி இருந்தா அமுக்கினாலும் தட்டையாகாது. உங்களுக்கு ரெண்டும் சுத்தம்." அவர் கருவியை வைத்துவிட்டு முட்டிக்குக் கீழே விரலை வைத்தார். "இது என்ன தடம்?"

முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மை சொல்வது எவ்வளவு சுலபம் என்று பரிசோதகருக்கு அப்போது தெரிந்தது. மகள், லீவு, தலையணை, ட்யூப், ஐம்பது தடவை உருவுவது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"கட்டி இல்லாததால பிழைச்சீங்க. நிஜமாவே கட்டி இருக்கற கால்ல இப்படி இறுக்கிக் கட்டி, அழுத்தி உருவி விட்டிருந்தீங்கன்னா, அது கழண்டு நுரையீரலுக்குப் போயிருக்கும். இந்தப் படுக்கைக்கே வந்திருக்க மாட்டீங்க."

பரிசோதகர் தலையை ஆட்டினார். பிறகு, அறிக்கையில் ஓரமாகச் சின்னதாக ஒரு கட்டி எழுதக்கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தார்.

"நான் பார்க்கறதைத்தான் எழுதுவேன்" என்றார் அவர்.

அதற்குமேல் பரிசோதகர் கேட்கவில்லை. முத்திரை குத்தச் சொல்லி வருகிறவர்களிடம் இதே வார்த்தையை இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்தவர் அவர்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று இருபது. விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பக்கத்தில் நின்றிருந்தார். பரிசோதகர் நடிக்காமல், இரண்டு காலையும் ஒழுங்காக வைத்து நடந்து போய், அறிக்கையை நீட்டினார்.

"ஒண்ணும் இல்ல சார். வர்ற குழாயும் சுத்தம், போற குழாயும் சுத்தம். எம்பொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்கு வர்றா. நீங்க லீவு தரல. அதனால பொய் சொன்னேன். இப்ப நான் ஏர்போர்ட்டுக்குப் போறேன். வேலையை எடுக்கறதுன்னா திங்கட்கிழமை எடுத்துக்குங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்து நின்றார். மேனேஜர் திட்டவில்லை. அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். ட்யூபின் அளவு எழுதிய பக்கத்தில் விரலை வைத்தார். விசாரணை ஆரம்பிக்கிறது என்றுதான் பரிசோதகர் நினைத்தார்.

"அந்த ட்யூப் கட்டறது?"

"சும்மா சொன்னது சார்."

"டாக்டர் அசந்துபோனதா சொன்னீங்களே?"

"டாக்டரே வரல சார்."

"உருவி விடறது? அந்த ஐம்பது தடவை?"

"அதுவும் நானே கட்டிவிட்டதுதான். ஒரு தடவைகூட உருவல. நிஜமாவே கட்டி இருந்து அப்படி உருவினா ஆள் போயிடுவாராம், உள்ள இருக்கற மேடம் சொன்னாங்க."

மேனேஜர் குறிப்பேட்டை மூடினார். முகத்தில் ரத்தமே இல்லை. பன்னிரண்டு வருடமாகப் பேச்சை மறந்திருந்த டிரைவர் ஸ்கேன் அறையின் கதவைத் தள்ளித் திறந்தார்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. அடுத்த டோக்கன் எங்க சாருக்குத்தான். பத்து நாளா கால் வீங்கிக் கிடக்கு, டாக்டர்கிட்ட காட்டப் பயந்துக்கிட்டு, ரெண்டு நாளா இவரைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி தன் காலை ட்யூபால கட்டி உருவிக்கிட்டு இருக்கார்."